ஒரு ஐயா, பத்து ஊர்: சபையை நடத்துவது யார்?

மில் ஷிப்ட், வெளியூர் வேலை, யூடியூப் பிரசங்கம், நீதிமன்ற வழக்கு... திண்டுக்கல் சமவெளியின் கிறிஸ்தவ சபைகளைச் சுற்றி எல்லாம் மாறிவிட்டது. தலைமை மட்டும் பழையபடியே இருக்க முடியுமா?

வியாழக்கிழமை விடியற்காலை. திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில் வடமதுரையைத் தாண்டினால் அய்யலூர். ஆட்டுச்சந்தை கூடும் நாள். மினி வேன்களின் பின்கதவு திறந்ததும் வெள்ளாடும் செம்மறியும் முண்டியடித்து இறங்குகின்றன. பக்கத்திலேயே கூடைகளில் நாட்டுக்கோழி; காலில் கயிறு கட்டிய சேவல்கள். வியாபாரி ஒருவர் கிடாயின் முதுகெலும்பில் கட்டைவிரலை அழுத்தி, இடுப்புச் சதையைப் பிடித்துப் பார்த்து, கறி எத்தனை கிலோ தேறும் என்று மனக்கணக்குப் போடுகிறார். உதட்டைப் பிதுக்கிப் பல் பார்த்து வயதைச் சொல்கிறார். வெயில் ஏறுவதற்குள் பெரும்பாலான ஆடுகள் கைமாறிவிடும்.

சபையைப் பற்றிய கட்டுரைக்குச் சந்தையில் என்ன வேலை என்று கேட்கலாம். இந்த வட்டாரத்தில் ஒரு குடும்பத்தின் வாரத்தைப் பங்குபோட்டுக்கொள்பவை ஆட்டுச்சந்தை, தக்காளிச் சந்தையின் விலை, நூற்பாலையின் ஷிப்ட் ஆகியவைதான். தக்காளி நல்ல விலைக்குப் போனால் அந்த வாரக் காணிக்கைப் பையிலும் அது தெரியும். விலை சரிந்து பழத்தைச் சாலையோரம் கொட்டும் வாரத்தில் சபைச் சந்தா பாக்கி விழும். ஞாயிற்றுக்கிழமை ஆலயமணி இவற்றோடு போட்டி போட்டுத்தான் ஆட்களைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

அந்த மணியை அடிக்கச் சொல்பவர் ஒருவர். சி.எஸ்.ஐ. சபைகளில் குருவானவர், கத்தோலிக்கத்தில் பங்குத்தந்தை, சுயாதீன சபைகளில் பாஸ்டர். மக்கள் வாயில் பெரும்பாலும் ‘ஐயா’ அல்லது ‘சாமி’. சிற்றூர்ப் பகுதிகளில் ஒருவரே பல ஊர்களைப் பார்க்க வேண்டும். ஞாயிறு காலை ஓர் ஊரில் ஆராதனை, மதியம் இன்னோர் ஊரில், மாலையில் வேறோர் ஊரில் வீட்டுக்கூட்டம். நடுவில் ஒரு சாவு விழுந்தால் எல்லாம் தள்ளிப்போகும். ஒருவரை நம்பியே நடக்கும் இந்த ஏற்பாடு எப்போதும் இப்படித்தான் இருந்ததா? வரலாறு வேறு சொல்கிறது.

குரு இல்லாத அறுபது ஆண்டு

இராபர்ட் தெ நோபிலி 1606-ல் மதுரைக்கு வந்தார். அவர் வழியில் வந்த இயேசு சபையினர் வளர்த்த மதுரை மிஷனுக்கு 1773-ல் பெரிய அடி விழுந்தது. அந்த ஆண்டு போப்பாண்டவர் 14-ஆம் கிளமெண்ட் இயேசு சபையையே கலைத்துவிட்டார். பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் மறுபடி இங்கே வந்து புதிய மதுரை மிஷனைத் தொடங்கியது 1830-களின் இறுதியில். இடைப்பட்ட ஏறத்தாழ அறுபது ஆண்டுகளில் குருக்கள் மிகவும் அருகிப் போயிருந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சாமியார் எட்டிப்பார்த்தாலே பெரிய காரியம்.

அந்தக் காலத்தில் சபை கலைந்துவிடவில்லை. குழந்தைக்குத் தலையில் தண்ணீர் ஊற்றிப் பெயரிட்டவர், சாகக் கிடப்பவரின் காதில் ஜெபம் சொன்னவர், ஞாயிறு மாலை செபமாலைக்கு ஊரைக் கூட்டியவர் எல்லாம் உள்ளூர் உபதேசியார். அவருக்குக் குருப்பட்டம் கிடையாது. ஊரில் நாலு பேரைப் போல வயலும் ஆடும் வைத்திருந்தவர். ‘கோயில் பிள்ளை’ என்றும் ‘வேதியர்’ என்றும் மக்கள் அழைத்த அந்த மனிதர்களின் பெயர்கள் பெரும்பாலும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இன்றைய பங்குகள் பலவற்றுக்கு அடித்தளம் அவர்கள் போட்டது.

புராட்டஸ்டன்ட் பக்கத்திலும் கதை இதேதான். 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து கிளைத்து வந்தது அமெரிக்க மதுரை மிஷன். ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே ஆண்டுகொள்ள வேண்டும் என்ற கொள்கை கொண்ட மரபிலிருந்து வந்தவர்கள் அதை நடத்தினார்கள். திண்டுக்கல் அவர்களுடைய முக்கிய நிலையங்களில் ஒன்று. மருத்துவ மிஷனரி எட்வர்ட் செஸ்டர் நெடுங்காலம் இங்கே மருத்துவமனை நடத்தினார். இந்த மிஷனின் தலைமையகமான பாஸ்டனிலிருந்து ரூஃபஸ் ஆண்டர்சன் 1854-55-ல் இந்தியா வந்து நிலையங்களைப் பார்வையிட்டார். அவருக்கு ஒரே பிடிவாதம்: உள்ளூர் சபை உள்ளூர் ஆளின் கையில் இருக்க வேண்டும், அது தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், தானே பரவ வேண்டும். வெளிநாட்டுப் பணத்தில் நிற்கும் சபை அந்தப் பணம் நின்ற அன்றே விழும் என்பது அவர் கணக்கு.

கொள்கை அப்படி. நடைமுறையில் ஊருக்கு ஒரு சம்பளக்காரர் என்ற பழக்கமே வேரூன்றியது. உபதேசியாரும் வாத்தியாரும் மிஷன் ஊழியரானார்கள். சபைக்காரர்கள் மெல்ல மெல்லப் பார்வையாளர்களானார்கள்.

நியூபிகினின் கேள்வி

1947 செப்டம்பர் 27. சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தது. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒரே சபையாயின. அன்று மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தின் பேராயராக அமர்த்தப்பட்டவர் லெஸ்லி நியூபிகின், வயது 37. திண்டுக்கல் சபைகளும் அவர் பொறுப்பில் வந்தன. 1959 வரை அந்தப் பணியில் இருந்தார். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற இறையியலாளர் ஆனார். அவருடைய சிந்தனைகளில் பல இந்தக் கிராமச் சபைகளைச் சுற்றிவந்த அனுபவத்தில் முளைத்தவை.

கிராமங்களுக்குப் போகும்போதெல்லாம் அவரை உறுத்தியது ஒன்று. படிப்பறியாத விவசாயக் கூலிகள் தாங்களாகவே அயலூர்க்காரர்களுக்குச் சொல்லி உருவாக்கிய சபைகள் உயிரோட்டமாக இருந்தன. சம்பள ஊழியர் ஒருவர் வந்ததும் அதே ஆட்கள் ‘இனி அவர் பார்த்துக்கொள்வார்’ என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். அதனால் உள்ளூர்ச் சபைத் தலைவர்களைப் பயிற்றுவிப்பதில் அவர் அக்கறை காட்டினார். 1951-ல் வெளிவந்த அவருடைய தென்னிந்திய நாட்குறிப்பில் இந்தக் கிராமப் பயணங்களைப் பார்க்கலாம்.

முக்கால் நூற்றாண்டு கழித்தும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. அன்று குரு போதாமல் எழுந்தது. இன்று சபைக்காரர்களின் வாழ்க்கை மாறிப்போனதால் எழுகிறது.

ஞாயிறு யாருக்கு விடுமுறை?

வேடசந்தூர் வட்டாரத்தில் காடு தோட்டம் பொய்த்த பிறகு பல வீடுகளில் அடுப்பு எரிவது நூற்பாலைக் கூலியில். மில் வேன் விடியுமுன்னே ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். பகல் ஷிப்ட், அரை ராத்திரி ஷிப்ட் என்று சுழலும் வேலையில் வாராந்தர விடுப்பு எந்த நாளில் விழும் என்பது மேஸ்திரிக்குத்தான் வெளிச்சம். கத்தோலிக்கமோ சி.எஸ்.ஐ.யோ பெந்தெகொஸ்தேயோ, ஞாயிறு காலை ஆராதனைக்கு வருகிறவர்களில் பாட்டிகளும் சிறுபிள்ளைகளும் நிறைய இருப்பதற்குக் காரணம் இதுதான். நடுவயதுக்காரர்கள் மில்லில், வாலிபர்கள் திருப்பூரில், பெங்களூரில், துபாயில்.

மில்லுக்குள் வேலை பார்ப்பவர்களும் மாறிவிட்டார்கள். ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் இளைஞர்கள் மில் விடுதிகளில் இருக்கிறார்கள். ஜார்க்கண்ட், ஒடிசா ஆதிவாசிகளில் கணிசமானவர்கள் கிறிஸ்தவர்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவார்கள்? சென்னை, கோவை போன்ற நகரங்களில் இந்தியில் திருப்பலி உண்டு. சிற்றூரில் அவர்கள் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டு, மொழி புரியாமல் எழுந்து போகிறார்கள். அவர்களை நிறுத்திப் பெயர் கேட்க, பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு டம்ளர் டீ கொடுக்க ஆராதனை மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதைச் செய்ய வேண்டியது பங்குத்தந்தை மட்டுமா?

இந்த மில் உலகத்தின் இன்னொரு முகத்தைத் திண்டுக்கல் மாவட்டம் 2021 ஜனவரியில் பார்த்தது. ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். பெண் தொழிலாளிகள் வேலையிடத்தில் அனுபவிக்கும் பாலியல் தொல்லை உலகச் செய்தியானது. பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. விளைவு, 2022 ஏப்ரலில் கையெழுத்தான ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பன்னாட்டு ஆடை நிறுவனங்களும் அதில் சேர்ந்தன. அந்த ஒப்பந்தத்தின் நெஞ்சு எது தெரியுமா? தொல்லையைக் கண்காணிக்கும் வேலையை வெளியிலிருந்து வரும் ஆய்வாளரிடம் மட்டும் விடாமல், தையல் மிஷின் முன்னால் உட்காரும் பெண்களையே பயிற்றுவித்துக் கண்காணிப்பாளர்களாக நிறுத்தியது.

சபைகள் இதில் கற்க வேண்டியது நிறைய. வாரத்தில் ஆறு நாள் மில்லில் இருக்கும் பெண்ணின் கஷ்டம் குருவானவருக்கு எட்டாது. எட்டினாலும் ஓர் ஆண் போதகரிடம் அவள் வாய் திறக்கமாட்டாள். பக்கத்து மிஷினில் உட்காரும் இன்னொரு பெண்ணுக்கு எட்டும். அவளைப் பயிற்றுவித்து, அவள் பின்னால் நிற்பதும் சபை ஊழியம்தான்.

பந்தியில் தெரியும் தலைமை

ஆகஸ்ட் மாதத்தில் திண்டுக்கல் முத்தழகுபட்டி புனித செபஸ்தியார் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு அந்த வாசனை மறக்காது. நேர்த்திக்கடனாக வந்த ஆடுகளும் கோழிகளும் அரிசியும் ஒன்றாகக் கலந்து, வரிசையாக ஏற்றிய பெரிய பாத்திரங்களில் விடிய விடிய வேகின்றன. யார் கொடுத்த ஆடு எந்தப் பாத்திரத்தில் என்று யாருக்கும் தெரியாது. சாதி, மதம் பாராமல் ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்து சாப்பிடுகிறது. பாத்திரத்தில் வாங்கி வீட்டுக்கும் கொண்டுபோகிறது.

ஒரே பானையில் வெந்த சோறு எளிதில் கிடைத்ததல்ல. 1847-ல் அமெரிக்க மதுரை மிஷன் தன் ஊழியர்கள் சாதி பாராமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நிபந்தனை விதித்தபோது, உபதேசியார்களிலும் வாத்தியார்களிலும் பலர் வேலையைவிட்டே போனார்கள். பைபிளைக் கரைத்துக் குடித்தவர்களுக்குக்கூட ஒரு வேளைச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. மதுரை அரசரடியில் 1969-ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்று பெயர் வாங்கியவர், ‘ஒரே உலை’ என்ற கருத்தை எடுத்தாண்டதும் இந்த முள் உறுத்தியதால்தான். கூட்டுக் குடும்பத்தில் எல்லார் அரிசியும் ஒரே உலையில் வேகும். திருவிருந்தும் அப்படி இருக்க வேண்டும் என்று நாட்டார் மெட்டில் பாட்டாகவே சொன்னார். தமிழ்க் கிறிஸ்தவ இசையில் பறைக்கும் கிராமத்துப் பேச்சுக்கும் இடம் பிடித்துக் கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். 2005-ல் மறைந்தார்.

அவர் மறைந்த மூன்றாம் ஆண்டு, 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டம் இறையூரில் கத்தோலிக்கர்களுக்குள்ளேயே சாதி மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் செத்தார்கள். தேர்ப் பாதை யாருக்கு, கல்லறை யாருக்கு, பங்கு யாருக்கு என்ற சண்டை அது. 2016 டிசம்பரில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்காக ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. ஆவணம் வெளியிடுவது பேரவையின் வேலை. ஊரில் அதை நடத்திக் காட்ட வேண்டியது பங்குத்தந்தையும் பங்குப் பேரவையும்.

கிராமப் போதகரின் மேசைக்கு இன்னொரு சிக்கலும் வரும். 1950-ஆம் ஆண்டு அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணைப்படி, கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத வேறுபாட்டை நீக்கப் பரிந்துரைத்தது. 2022-ல் மத்திய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் மறுபடி ஓர் ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கு அந்தத் தகுதி வழங்கக் கோரித் தீர்மானம் போட்டது.

இவ்வளவு நடந்தும் குடிசைவாசலில் நிலைமை ஒன்றுதான். வீட்டில் ஒரு பெயர், சாதிச் சான்றிதழில் ஒரு பெயர். பையனுக்குக் கல்லூரியில் இடம் வேண்டும். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் ஏறினால் அது போய்விடுமோ என்று தகப்பன் தயங்குகிறான். அவனை விசுவாசம் குறைந்தவன் என்று பிரசங்கத்தில் குத்துவது எளிது. சட்டம் தெரிந்த சபைக்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார்த்தி அவனோடு பேசுகிறவர்தான் மேய்ப்பர்.

முன்வரிசையில் உட்கார்ந்தும் பின்வரிசையில் இருப்பவர்கள்

எந்த ஆராதனைக்குப் போனாலும் பெண்கள் பக்கம் நிறைந்திருக்கும். கமிட்டிக் கூட்டத்துக்குப் போனால் ஆண்கள் பக்கம் நிறைந்திருக்கும். இத்தனைக்கும் இந்த மண்ணில் வீட்டுக்குள் வேதத்தைக் கொண்டுபோனவர்கள் பெண்கள். ஆண் மிஷனரி நுழைய முடியாத அடுப்படிக்கு, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த உள்ளூர் விதவைகளும் தாய்மார்களும் ‘பைபிள் அம்மா’வாகப் போனார்கள். அவர்களைப் பயிற்றுவிக்க ஈவா ஸ்விஃப்ட் அம்மையார் 1892-ல் மதுரையில் பள்ளி தொடங்கினார். மதுரையில் இன்றும் ரட்சணியபுரம் என்ற இடப்பெயர் அதை நினைவூட்டும்.

சி.எஸ்.ஐ.யில் 1976-ல் எலிசபெத் பால் குருப்பட்டம் பெற்ற முதல் பெண்ணானார். 2013-ல் ஆந்திராவின் நந்தியால் திருமண்டலத்துக்கு ஏகோனி புஷ்பலலிதா பேராயராகி, அந்தச் சபையின் முதல் பெண் பேராயர் என்ற பெயரைப் பெற்றார். கத்தோலிக்கத்தில் பெண்ணுக்குக் குருத்துவம் இல்லை. ஆனால் அன்பியக் கூட்டங்களை நடத்துவது பெரும்பாலும் பெண்கள்தான்.

அன்பியம் என்ற இந்த ஏற்பாட்டைத் தமிழகப் பங்குகளின் பெரிய சாதனை என்று சொல்லலாம். 1990-ல் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர்கள் ‘எல்லாரும் பங்கெடுக்கும் திருச்சபை’ என்று முழங்கினார்கள். அந்தக் காற்று இங்கேயும் வீசியது. இருபது முப்பது குடும்பம் ஒரு தெருவில் கூடுகிறது. வேதம் வாசித்து, அந்த வாரம் யார் வீட்டில் நோய், யாருக்கு வேலை போனது, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை என்று பேசுகிறது. நல்ல அன்பியம் உள்ள தெருவில் பங்குத்தந்தைக்குப் பாதி வேலை மிச்சம். கெட்டுப்போன அன்பியம் திருவிழா வரி வசூலிக்கும் கிளை அலுவலகம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது தலைமைப் பயிற்சி ஒன்றே.

கணக்கும் வழக்கும்

மாற்றம் பேசும்போது காசைப் பற்றிப் பேசாமல் தப்பிக்க முடியாது. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, சாலையோர நிலம் என்று மிஷன் காலச் சொத்துகளின் மதிப்பு ஏற ஏற, திருமண்டலத் தேர்தல்கள் உள்ளாட்சித் தேர்தலைத் தோற்கடிக்கின்றன. அணி பிரித்துச் சுவரொட்டி, சாதிக் கணக்கு, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பு, நீக்கம் எல்லாம் உண்டு. 2024 ஏப்ரலில் சி.எஸ்.ஐ.யின் தலைமை மன்றமான சினாட்டின் நிர்வாகத்தைக் கவனிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகளை நியமிக்கும் அளவுக்குப் போனது. விவகாரம் உச்ச நீதிமன்றப் படியும் ஏறியது. சபைத் தலைவர்கள் தங்களுக்குள் தீர்க்க முடியாததை நீதிபதி வந்து தீர்க்க வேண்டியிருக்கிறது என்பது வாலிபர்கள் கண்ணில் படாமல் போகாது.

சுயாதீன சபைகளில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே கமிட்டியும் இல்லை, தேர்தலும் இல்லை. பாஸ்டரும் அவர் குடும்பமும்தான் எல்லாம். சொந்த வீட்டு மாடியில் தகரக் கொட்டகை போட்டு, பைக்கில் ஊர் ஊராகச் சுற்றி, சாப்பிட்டாயா என்று கேட்கிற பாஸ்டர்கள் ஏராளம். மில் விடுதிப் பெண்களையும் ஊருக்குப் புதிதாக வந்த கூலிக் குடும்பங்களையும் முதலில் தேடிப் போவதும் பெரும்பாலும் அவர்களே. பழைய சபைகள் இதைப் பார்த்து வெட்கப்பட வேண்டும். ஆனால் ஒருவர் கையில் எல்லாச் சாவியும் இருக்கும் இடத்தில் தப்பு நடந்தால் தட்டிக்கேட்க ஆள் இல்லை. காசு விஷயமானாலும் பிள்ளைகள் பாதுகாப்பு விஷயமானாலும் இது ஒன்றுதான். போக்சோ சட்டம் 2012-லிருந்து நடப்பில் இருக்கிறது. குழந்தைமீதான பாலியல் குற்றம் தெரிந்தும் போலீசில் சொல்லாமல் மறைப்பது அந்தச் சட்டப்படி குற்றம். சபைப் பெயர் கெட்டுவிடும் என்று உள்ளுக்குள் பேசி முடிப்பதற்கு இனி இடமே இல்லை.

கைபேசிக்குள் பல மேய்ப்பர்கள்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஆலயக் கதவுகள் பூட்டின. பங்குத்தந்தைகள் ஆளில்லாத பெஞ்சுகளைப் பார்த்து கைபேசி முன் பூசை வைத்தார்கள். கதவு திறந்தது, கைபேசி மூடவில்லை. இப்போது ஒரு சபைக்காரர் ஞாயிறு ஒரு பிரசங்கம் ஐயாவிடம் கேட்கிறார்; வாரம் முழுக்கப் பத்துப் பிரசங்கம் யூடியூபில் கேட்கிறார். ஐயாவின் பேச்சைச் சென்னைப் பிரசங்கியார் பேச்சோடு ஒப்பிடுகிறார். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் பிரசங்கத்துக்கு மூன்று குறிப்பும் வசனமும் நொடியில் கிடைக்கிறது என்பது சபைக்காரருக்கும் தெரியும், ஐயாவுக்கும் தெரியும்.

நல்ல பிரசங்கம் இனி அபூர்வப் பொருள் அல்ல என்பதால், பிரசங்கத்தை மட்டும் நம்பி நிற்கும் தலைமை தானாகத் தேய்ந்துபோகும். யூடியூப் செய்ய முடியாத வேலைகள் நிறைய மிச்சம் இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்க ஆள் பிடிப்பது, குடித்துவிட்டு அடிக்கும் கணவனை நிறுத்திக் கேட்பது, பிள்ளைகள் வெளியூரில் இருக்க ஊரில் தனியே கிடக்கும் முதியவருக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பது, கலப்புத் திருமணம் செய்த ஜோடிக்கு வீடு பார்த்துக் கொடுப்பது. இவற்றில் எதற்கும் குருப்பட்டம் தேவையில்லை.

இதே மாவட்டத்தில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. 1955-ல் மருத்துவர் ஏ.கே.தாரியனும் அவருடன் சேர்ந்தவர்களும் ஒட்டன்சத்திரத்தில் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அங்கி அணிந்தவர்கள் அல்ல, மருத்துவர்கள். கிராமத்து ஏழைக்கு எட்டும் மருத்துவம் என்ற ஒரே எண்ணத்தோடு எளிமையாக வாழ்ந்தார்கள். திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்களிடம் கிறிஸ்தவ ஊழியம் என்றால் என்ன என்று கேட்டால், பலருக்கு எந்தப் பிரசங்கத்துக்கும் முன்னால் அந்த ஆஸ்பத்திரி நினைவுக்கு வரும்.

செய்ய வேண்டியது நான்கு

உலகளவிலும் காற்று இந்தத் திசையில்தான் அடிக்கிறது. போப் பிரான்சிஸ் 2021-ல் தொடங்கி 2024 அக்டோபரில் முடித்துவைத்த ஆயர் மாமன்றத்தின் சாரமே, முடிவெடுப்பதில் பொதுநிலையினரையும் பெண்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது. 2022 மே 15-ல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை குருவும் அல்ல, துறவியும் அல்ல. திருவிதாங்கூர் அரசுப் பணியிலிருந்த குடும்பஸ்தர். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் நம் தென்கோடிக்காரர் என்று பெருமைப்படும் சபை, அந்தப் பெருமையைப் பங்குப் பேரவைக் கூட்டத்திலும் காட்ட வேண்டும்.

அய்யலூர் போன்ற ஊர்களின் சபைகள் பெரிய மாநாடு கூட்டாமலே செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, நேரம். ஞாயிறு காலை எட்டரை மணி ஆராதனை வானத்திலிருந்து இறங்கிய கட்டளை அல்ல. ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்காக வாரநாள் மாலை ஒரு கூட்டம் தெருவிலேயே நடக்கட்டும். அதை நடத்துபவர் சபைக்காரராகவே இருக்கட்டும்.

இரண்டாவது, ஆள். ஒவ்வோர் ஊருக்கும் சம்பளமில்லாத இரண்டு பேர், அதில் ஒருவர் கட்டாயம் பெண், ஒருவர் நாற்பது வயதுக்குக் கீழே. அவர்களுக்கு வேதப் பயிற்சியோடு சட்ட உதவி, மனநல முதலுதவி, அரசுத் திட்டங்கள் பற்றிய பயிற்சியும் தேவை. அரசரடி இறையியல் கல்லூரியைப் போன்ற நிறுவனங்கள் பட்டத்துக்குப் படிப்பவர்களோடு நின்றுவிடாமல் இவர்களையும் மாணவராக எண்ண வேண்டும்.

மூன்றாவது, கணக்கு. வரவு செலவை மாதம் தவறாமல் ஆலய வாசல் பலகையில் ஒட்டலாம். ஒரு வெள்ளைத் தாள், நாலு ஊசி. இதற்குத் திருமண்டல அனுமதி தேவையில்லை. கணக்கு வெளியே தெரியும் சபையில் தேர்தல் சண்டையும் பாதி குறையும்.

நான்காவது, பந்தி. கமிட்டியிலும் தேர் தூக்குவதிலும் கல்லறையிலும் எந்தச் சாதி எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு சபையும் தன்னையே கேட்டுப் பதிலை எழுதிவைக்க வேண்டும். எழுதக் கை நடுங்கினால், அந்தச் சபையின் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இவ்வளவும் நடந்தால் குருவானவருக்கு என்ன வேலை மிச்சம் என்று சிலர் பயப்படலாம். உண்மையில் அவருக்கு அப்போதுதான் தன் வேலை கிடைக்கும். இன்று அவர் நேரத்தைத் தின்பது கட்டடக் கமிட்டி, வழக்கு வாய்தா, இருதரப்பு சமாதானம், மைக் செட் பில். பத்து ஊரில் இருபது பேர் பொறுப்பெடுத்தால், அந்த இருபது பேரைச் சந்திப்பதும் உருவாக்குவதும் திருத்துவதும் அவருடைய முழுநேர ஊழியமாகும். அவர் மாற்றலாகிப் போனாலும் சபை அடுத்தவர் வரும்வரை காத்துக் கிடக்காது.

மாற்றல் உத்தரவு வருகிற அன்றுதான் ஒரு போதகரின் மதிப்பெண் தெரியும். பிரியாவிடைக் கூட்டத்தில் மாலையும் சால்வையும் எத்தனை விழுந்தன என்பதை விட்டுவிடுங்கள். மறு ஞாயிறு, புதியவர் வந்து சேராத அந்த ஞாயிறு, ஆராதனையை யார் நடத்துகிறார், கணக்கை யார் ஒட்டுகிறார், ஆஸ்பத்திரிக்கு யார் போகிறார் என்று பாருங்கள். மூன்றுக்கும் ஊரிலேயே ஆள் இருந்தால், போனவர் தன் வேலையைச் செய்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.